முப்பத்தைந்து வயதில் அப்பா: டெல்லி கணேஷின் தொழில் வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

1979 டிசம்பரில் 'பசி' வெளிவந்தபோது ஷோபாவுக்கு வயது 17. அந்தப் படத்தில் அவருக்கு அப்பாவாக, ரிக்‌ஷா ஓட்டும் குடிசைவாசியாக வந்த டெல்லி கணேஷுக்கு 35. அவரைவிட மூன்று வயது மூத்தவரான சிவகுமார் அதே ஆண்டில் கதாநாயகனாக நடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் வெகுநாள் நடித்தார்.

இந்த வயதுக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். நடிகர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் வழக்கமாக 'திருப்புமுனை'யைத் தேடுவார்கள். எந்தப் படம் தூக்கிவிட்டது, எது கவிழ்த்தது என்று பார்ப்பார்கள். நாயகர்களுக்கு அது பொருந்தும். குணச்சித்திர நடிகருக்குப் பொருந்தாது. அவருடைய தொழில் மாடிப்படி மாதிரி மேலே ஏறுவதில்லை. மேடையிலிருந்து சினிமா, சினிமாவிலிருந்து டப்பிங் தியேட்டர், அங்கிருந்து சீரியல், பிறகு குறும்படம், இணையம் என்று பக்கவாட்டில் பரவும். டெல்லி கணேஷ் 1977இலிருந்து 2024 வரை 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். இத்தனை காலம் ஒருவரை ஓடவைத்தது எது, அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்று பார்ப்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

மாதச் சம்பளக்காரர்

1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி வல்லநாட்டில் பிறந்தவர். தாமிரபரணிக் கரை ஊர். அன்று திருநெல்வேலிச் சீமை, இன்று தூத்துக்குடி மாவட்டம். 1964இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து பத்தாண்டுகள் வேலை பார்த்தார். இருபதிலிருந்து முப்பது வரை, அதாவது நாயகனாக வேண்டும் என்று நினைக்கிற எவரும் கோடம்பாக்கத்தில் வாசல் வாசலாகப் போட்டோவோடு ஏறி இறங்கும் வயது முழுக்க, அவர் சீருடையில் இருந்தார்.

ஆனால் நடிப்பு அங்கேயே ஒட்டிக்கொண்டது. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்ற அமைப்பில் நடித்தார். அன்றைய டெல்லித் தமிழ் நாடகத்தை நம் ஊர்க்காரர்கள் குறைத்து மதிப்பிடுவது உண்டு. மத்திய அரசு வேலைக்குப் போன குமாஸ்தாக்கள் பொழுதுபோகாமல் போட்ட நாடகம் என்று ஒரு எண்ணம். பூர்ணம் விஸ்வநாதனை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்துக்கொண்டு டெல்லியில் நடித்தவர்தான் அவரும்.

அந்த ஊருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தஞ்சாவூர்க்காரர், நெல்லைக்காரர், பாலக்காட்டு அய்யர் என்று எல்லாரும் ஒரே அரசு குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒருவன் ஊர் ஊராகச் சுற்றினால்தான் காதில் விழும் தமிழ் வகைகள், டெல்லியில் ஒரே மாடிப்படியில் கேட்கும். பின்னாளில் டெல்லி கணேஷ் வட்டார வழக்குகளைக் கையாண்ட லாகவத்துக்கு வித்து இங்கேதான் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், அதற்குமேல் அதை இழுக்க மாட்டேன்.

விமானப்படையை விட்டுச் சென்னைக்கு வந்ததும் அவர் போய்ச் சேர்ந்த இடம் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு. அன்றைய சபா நாடகம் எப்படி நடந்தது என்று இன்று படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபா என்பது உறுப்பினர்கள் சந்தா கட்டும் சங்கம். மாதத்துக்கு இத்தனை நிகழ்ச்சி என்று கணக்கு. சபா செயலாளர் ஒரு தொகைக்கு நாடகத்தைப் பேசி முடிப்பார். குழுவில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் பகலில் பேங்க், எல்.ஐ.சி., ஏ.ஜி. ஆபீஸ் என்று வேலை பார்ப்பவர்கள். ஆபீஸ் விட்டதும் ஒத்திகை, சாயங்காலம் நாடகம், மறுநாள் காலை மறுபடி ஆபீஸ். கே.பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்திலிருந்து வந்தவர். நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கிரேஸி மோகன் சுந்தரம் கிளேட்டனில் இன்ஜினியர். மேடை கைவிட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வரும் என்ற தைரியம்தான் இந்த நாடகத்தின் நகைச்சுவைக்கே அடித்தளம் என்று எனக்குத் தோன்றும். பசித்தவன் அவ்வளவு நிதானமாகக் கடி ஜோக் அடிக்க மாட்டான்.

மேடையின் முன்விளிம்பில் மைக்குகள் தொங்கும். அதை ஒட்டி நின்றுதான் பேச வேண்டும். உடம்பை அசைக்க இடம் குறைவு, எல்லாமே குரலில் நடக்க வேண்டும். இரண்டு மணி நேர வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கும் கணத்தில் அடுத்த வரியைப் போட வேண்டும். முன்னாலே போட்டால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும், பின்னாலே போட்டால் அரங்கம் ஆறிவிடும். இந்தக் கணக்கு கேமராவுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

பெயருக்கு முன்னால் ஒரு ஊர்

விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தைப் பார்த்த பாலசந்தர் அதைப் படமாக்கினார். 1977இல் வந்த அந்தப் படத்தில்தான் கணேசன், டெல்லி கணேஷ் ஆனார். பெயர் வைத்தது பாலசந்தர்.

தமிழ் சினிமாவில் முன்னொட்டு என்பது விசிட்டிங் கார்டு. வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி என்றால் அறிமுகப் படம். காத்தாடி என்றால் சோவின் நாடகத்தில் போட்ட வேடம். கிரேஸி என்றால் எழுதிய நாடகம். டெல்லி என்பது இந்த வரிசையில் சேராது. படமும் இல்லை, வேடமும் இல்லை. இந்த ஆள் எங்கே தயாரானவர் என்று சொல்லும் ஒரு ஊர் முத்திரை. பிற்பாடு சன் டிவியின் 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக வந்து வீட்டுக்கு வீடு தெரிந்தவர் டெல்லி குமார். அவரும் அதே ஊர்ப் பெயரோடு வந்தவர், அவரும் அப்பா வேடத்தில் நிலைத்தவர். டெல்லியிலிருந்து வந்தால் அப்பாதான் போலிருக்கிறது.

அதே 'பட்டினப் பிரவேசம்' தமிழுக்கு சரத்பாபுவையும் கொண்டுவந்தது. ஒரே படம், இரண்டு புதுமுகங்கள். ஒருவருக்கு உயரமும் களையான முகமும் இருந்தன, அவர் நாயகனாகவும் நாயகனின் நண்பனாகவும் போனார். மற்றவருக்கு முப்பத்து மூன்று வயது, ஏறு நெற்றி, பக்கத்து வீட்டு முகம். 1981இல் 'எங்கம்மா மகாராணி'யில் நாயகனாகவும் நடித்துப் பார்த்தார். அது தொடரவில்லை. தொடராததில் அவருக்கு நஷ்டமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏனென்றால் நாயகனுக்கு வயது ஒரு கடன். நாற்பதில் வட்டி கட்டத் தொடங்கி, ஐம்பதில் டோப்பா, அறுபதில் டூப் என்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பத்தைந்திலேயே அப்பாவாக ஒப்புக்கொண்டவருக்கு அந்தக் கடனே இல்லை. 1987இல் 'நாயகன்' வந்தபோது அவருக்கு 43. தன்னைவிடப் பத்து வயது இளைய கமல்ஹாசன் வேலு நாயக்கராகக் கண்முன்னே கிழவராகிக்கொண்டு போக, கூடவே நிழலாக நிற்கும் அய்யராக வந்தார். 1990இல் 'மைக்கேல் மதன காம ராஜன்'. அதே கமலுக்கு வளர்ப்பு அப்பா. பத்து வயது வித்தியாசத்தில் அப்பாவும் பிள்ளையும்! தியேட்டரில் யாருக்கும் உறுத்தவில்லை.

அய்யர் வேடம்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விலை கொடுத்தது இங்கேதான்.

'பசி'யை மறுபடி பாருங்கள். துரை இயக்கிய படம். சென்னைக் குடிசைப் பகுதியின் புழுதியும் மெட்ராஸ் பாஷையுமாக இருக்கும். ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. நெல்லைப் பக்கம் பிறந்து டெல்லியில் பழகிய ஒருவர் அதில் சென்னை ரிக்‌ஷாக்காரராகவே இருக்கிறார். அலுப்பு தோளில் இருக்கும், கோபம் குரலில் பாதியிலேயே நின்றுவிடும். பார்க்கிறபோது இந்த நடிகர் அடுத்த பத்தாண்டில் எந்த வேடத்துக்கெல்லாம் போவார் என்று ஆசை வரும்.

அந்தப் பக்கம் அவரை அதிகம் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது அய்யர் வேடத்துக்கு. 'நாயகன்' அய்யர், 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தின் பாலக்காட்டு மணி அய்யர், 'அவ்வை சண்முகி'யின் சேதுராம அய்யர். பூணூல், பஞ்சகச்சம், மூக்குக் கண்ணாடி, ஒரு சின்னத் திருட்டுப் பார்வை. தமிழ் சினிமாவின் வார்ப்பு முறை இது. ஒரு வேடம் எடுபட்டால் தயாரிப்பு நிர்வாகி நோட்டில் அந்த வேடத்துக்கு நேராக உங்கள் பெயரை எழுதிவிடுவார். பிறகு அந்தப் பக்கத்தைப் புரட்ட மாட்டார். வேலை நிற்காமல் வரும், வேறு வேலை வராது.

வந்த வேலைக்குள்ளேயே அவர் செய்தது என்ன என்பதுதான் கேள்வி. 'சிந்து பைரவி'யின் குருமூர்த்தியை எடுத்துக்கொள்ளலாம். மிருதங்க வித்வான். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காக, படத்தின் நாயகனான பாடகர் ஜே.கே.பி. அவரை வெளியே அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழப்போகிறார் என்பதால், படத்தின் முதுகெலும்பே இந்தச் சம்பவத்தின் மேல்தான் நிற்கிறது. குருமூர்த்தி வெறும் குடிகாரனாகத் தெரிந்திருந்தால் ஜே.கே.பி.யின் வீழ்ச்சிக்கு எடையே இருந்திருக்காது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த, கையில் வித்தை இருக்கிற, நல்ல மனுஷனாக அவர் இருந்ததால்தான் பின்பாதி வலிக்கிறது. நாயகனின் கதைக்குத் தேவையான எடையைத் தன் பக்கத்திலிருந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் குணச்சித்திரக்காரரின் வேலை. விருதுக் குழுக்களுக்கு இந்த வேலை கண்ணில் படுவது அபூர்வம். கலைமாமணி கிடைத்தது. பத்ம விருது கிடைக்கவில்லை.

வார்ப்பை உடைத்த படம் என்றால் 1989இன் 'அபூர்வ சகோதரர்கள்'. குள்ளன் அப்பு பழிவாங்கும் நான்கு வில்லன்களில் ஒருவர். மற்ற மூவர் நாசர், ஜெய்சங்கர், நாகேஷ். ஒரு காலத்தின் துப்பறியும் நாயகன், ஒரு காலத்தின் சிரிப்பு நாயகன், கூடவே சபா மேடையின் சாது அய்யர் என்று எல்லாரையும் ஒரே மேசையில் வில்லன்களாக உட்காரவைத்த யோசனை இன்றும் சிரிப்பூட்டுகிறது. சாது முகத்தில் கொடூரம் வரும்போது கூடுதலாகப் பயமாக இருக்கும் என்பதைக் கமல் தெரிந்துவைத்திருந்தார். அவரே சிறுவயதில் டி.கே.எஸ். நாடக சபாவில் இருந்தவர். மேடைக்காரர்களை எங்கே பயன்படுத்துவது என்று அவருக்குப் பழக்கம்.

மாலை ஏழு மணி

சபா நாடகம் தேய்ந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது கடிகாரம். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1993இல் சன் டிவி வந்தது. சபாக்காரர் வேட்டியை மாற்றிக்கொண்டு நாடகத்துக்குக் கிளம்பும் அதே மாலை நேரத்தில்தான் டிவியில் நல்ல நிகழ்ச்சி வரும். பார்வையாளர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாளில் மேடையில் நடித்தவர்களையும் டிவி கூப்பிட்டுக்கொண்டது. விசு 'அரட்டை அரங்கம்' நடத்தப் போனார். டெல்லி கணேஷ் தொடர்களில் நடித்தார், பிற நடிகர்களுக்கு டப்பிங் குரலும் கொடுத்தார்.

சினிமா குணச்சித்திரக்காரருக்குச் சீரியல் வருமானத்தின் கணக்கு வேறு. சினிமாவில் சம்பளம் நாள் கணக்கு, கூடவே பேட்டா. நாயகனின் தேதி கிடைக்கிற அன்று 'காம்பினேஷன் சீன்' எடுப்பார்கள். அப்பா நடிகர் அன்று அங்கே இருந்தே ஆக வேண்டும். நாயகன் வராவிட்டால் அன்றைய வேலை போச்சு. சீரியலில் மாதத்துக்கு இத்தனை நாள் என்று முன்கூட்டியே தெரியும். கதை ஓடுகிறவரை வேலை உண்டு. விமானப்படைச் சம்பளத்துக்குப் பிறகு ஒரு குணச்சித்திர நடிகருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஏதாவது கிடைத்தது என்றால் இதுதான். ஆனால் படப்பிடிப்பில் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக ப்ராம்ப்ட் பண்ண, நடிகர் அதை வாங்கித் திருப்பிச் சொல்வதுதான் அங்கே வழக்கம். இரண்டு மணி நேர நாடகத்தை மனப்பாடமாகப் பேசியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

டப்பிங் தியேட்டரில் கதை தலைகீழ். படப்பிடிப்பில் பதிவான ஒலியை வைத்துக்கொள்ளாமல், பிறகு திரையைப் பார்த்து உதடுக்கு உதடு பேசிச் சேர்ப்பதுதான் வெகுகாலத் தமிழ் வழக்கம். சில நட்சத்திரங்கள் ஒரு வரிக்குப் பத்து டேக் வாங்குவார்கள். குரலால் மட்டுமே நடித்துப் பழகிய மேடைக்காரர்கள் ஒன்றிரண்டில் முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். தயாரிப்பாளருக்கு இது நேரடியான பண மிச்சம். ஒருவரை அடுத்த படத்துக்குக் கூப்பிடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

வேறு பாதைகள், சுருக்கமாக

எம்.எஸ்.பாஸ்கர் எதிர்த்திசையில் வந்தார். டப்பிங்கிலும், சன் டிவியின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் பட்டாபியாகவும் பெயர் வாங்கிய பிறகு, 2007இல் 'மொழி'யில் 1984இலேயே மனம் நின்றுபோன பேராசிரியராக வந்து சினிமாவைத் திரும்பிப் பார்க்கவைத்தார். 'பார்க்கிங்' படத்துக்காகத் துணை நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது 2025இல். ராதிகா சினிமாவில் நாயகியாக இருந்து, 1999இல் தொடங்கிய 'சித்தி'யில் தானே முதலாளியானார். அது துணிச்சல்காரர்களின் பாதை. சந்தானமும் சிவகார்த்திகேயனும் விஜய் டிவியிலிருந்து சினிமாவுக்குத் தாவினார்கள். 'பட்டினப் பிரவேசம்' வந்த அதே 1977இல் ந.முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் அங்கே உடம்பிலிருந்து நடிப்பைக் கற்றார்கள். அங்கே கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே கவனித்தவர் விஜய் சேதுபதி. இன்றைய சினிமா இந்தப் பட்டறையிலிருந்துதான் ஆள் எடுக்கிறது. சபாவிலிருந்து எடுப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. சபாக் குரலும் கூத்துப்பட்டறை உடம்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் என்று ஆசைப்படத்தான் முடிகிறது.

மீனும் எலியும்

கடைசியாக, ஒரே பிற்பகலில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்த இரண்டு காட்சிகள்.

முதலாவது 'மைக்கேல் மதன காம ராஜன்' கல்யாண விருந்து. சமையற்காரர் மணி அய்யரும் பிள்ளை காமேஸ்வரனும். பிராமண வீட்டுக் கல்யாணச் சாம்பாரில் மீன்! கிரேஸி மோகன் வசனம், பாலக்காட்டுத் தமிழ். அந்தத் தமிழில் வரி முடிவில் ஒரு ராகம் இழுபடும். நகைச்சுவைக்காக அதைக் கூட்டிப் பேசுவது சுலபம், பலர் கூட்டித்தான் பேசுவார்கள். டெல்லி கணேஷ் கூட்டுவதில்லை. இப்படித்தான் பேசிப் பிறந்தவர் மாதிரி, மானம் போகப்போகிறது என்ற பதற்றத்தை மட்டும் அதில் ஏற்றுகிறார். சுற்றியிருப்பது பைத்தியக்காரக் கூத்து. நடுவில் இவர் ஒருவர் மட்டும் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார். சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, 31 ஆண்டு கழித்து. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நவரசா'வில் வசந்த் இயக்கிய 'பாயசம்'. தி.ஜானகிராமனின் சிறுகதை. மறுபடி கல்யாண வீடு, மறுபடி அடுக்களை, மறுபடி பூணூல். அண்ணன் பிள்ளையின் செல்வாக்கைப் பொறுக்க முடியாத சாமநாது, ஊரே சாப்பிடக் காத்திருக்கும் பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்துவிட்டது என்று சொல்கிறார். படம் வெளியானபோது அவருக்கு 77 வயது. கண்ணில் ஈரமே இல்லாத ஒரு பொறாமையை முகத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கல்யாணக் கூட்டத்துக்குள் நடக்கிறார். கைகள்தான் கிழவனுடையவை, பார்வை பள்ளிக்கூடத்தில் பேனா திருடும் பையனுடையது. அன்று உண்மையிலேயே இருந்த மீனை மறைக்கத் துடித்தவர், இன்று இல்லாத எலியைச் சொல்லி அண்டாவைக் கவிழ்க்கிறார்.

அய்யர் வேடம் என்று எழுதிவைத்த நோட்டுப் பக்கத்துக்குள்ளேயே ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். 'பசி' திறந்துவிட்ட பக்கம் மூடிக்கொண்டதைப் பற்றிய என் வருத்தம் இதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சாமநாதுவை ஐம்பதில் அவர் இப்படிச் செய்திருக்க முடியுமா என்றால் முடியாது என்றே சொல்வேன். அந்த முகத்துக்கு 77 வயது வேண்டியிருந்தது. அதுவரை தொழிலில் தாக்குப்பிடித்து நிற்கவும் வேண்டியிருந்தது.

இடையில் 2016இல் மகன் மகாவை நாயகனாக வைத்து 'என்னுள் ஆயிரம்' என்ற படத்தைத் தயாரித்தார். ஓடவில்லை. திரையில் நானூறு படம் பூராவும் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்ட அப்பா, வெளியே செய்ததும் அதைத்தான்.

2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு சென்னையில் காலமானார். வயது 80. திரையுலகத்தினர் அஞ்சலி செலுத்த வந்துபோய்க்கொண்டிருந்த அவர் வீட்டுக்கு விமானப்படையினரும் வந்து மரியாதை செலுத்தினார்கள். அவர் அந்த வேலையை விட்டு ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.